பொத்தான் இல்லாத பை

பேய், ஆவி என்றால் சிரிக்கிற ஆள் நான். ஏழாவதோடு படிப்பை விட்டேன். ஆனால் கரண்ட் தெரியும். அது எங்கே போகும், எங்கே நிற்கும் என்று தெரியும். அதனால்தான் இது இன்றுவரை புரியவில்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ். எனக்கு மூத்த எலக்ட்ரீசியனாக மாணிக்கம் அண்ணன் அங்கே இருந்தார். மோட்டாரில் கை வைக்கும் முன், ஸ்விட்ச் ரூமில் அதற்குக் கரண்ட் போகிற மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கித் தன் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பீங்கான் கட்டை பையில் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிட முடியாது. அதற்கென்றே பெரிதாகத் தைத்த பை. மூடிப் பொத்தான் மட்டும் எப்போதோ அறுந்து போயிருந்தது.

"அண்ணே, கட்டை விழுந்துறப் போவுது, பொத்தானத் தைங்க" என்பேன்.

"உங்க அண்ணி தச்சுத் தரேன்னு மூணு வருஷமா சொல்றா. இன்னும் ஊசி கெடைக்கல போல" என்பார்.

போன வருஷம் வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். சட்டை ஸ்விட்ச் ரூம் ஆணியிலேயே தொங்கியது. எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி அன்று, நெல் ஏற்றும் மோட்டாருக்குக் காலையிலிருந்து மூன்று முறை பீஸ் போனது. பீஸ் வயர் உருகுவதற்குத்தான் இருக்கிறது. மோட்டாரில் கோளாறு என்றால் அந்த மெல்லிய இழை முதலில் போகும், மனுஷன் தப்பிப்பான். மூன்று முறை அது சொன்னது, நான் கேட்கவில்லை. வயரும் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் சொர்க்கவாசலுக்கு ஸ்ரீரங்கம் போய்விட்டார்.

"ஏதாவது கம்பியச் சுத்தி ஓட்டுப்பா, லாரி நிக்குது" என்றார் முதலாளி.

பழைய ஒயரைச் சீவி, எட்டு எட்டு காப்பர் இழையாக முறுக்கி மூன்று கட்டையிலும் கட்டினேன். கட்டைகளை ஸ்விட்ச் ரூமில் மாட்டி மோட்டாரை ஓட்டிவிட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நெல் கூட்டுகிற செல்லம்மா அக்கா வந்தார். "தம்பி, உங்க மோட்டாரு சுறுக்குனு கடிக்குது. அதுக்கும் ஏகாதசி பட்டினியா?"

"ஈரக் கையோட தொடாதீங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். நிறுத்தியிருக்க வேண்டும்.

பத்து நிமிஷம் இருக்கும். நான் நெல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கூட்டிக்கொண்டே வந்த அக்கா ஒரு கையை மோட்டாரில் ஊன்றினார். எடுக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. ஓடினேன். நெல்லில் ஓட முடியாதுங்க, கால் முழங்கால்வரை புதைகிறது, அதை இழுத்தால் அடுத்த கால் புதைகிறது, கத்தினால் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அக்கா என்னையே பார்க்கிறார். அந்தக் கம்பி உருகாது. கட்டினது நான்தானே.

மோட்டார் நின்றது. அது மட்டும். மற்ற மிஷினெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சரிந்தார்.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு ஸ்விட்ச் ரூமுக்கு வந்தேன். பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தால் மூன்று கட்டையும் இடத்தில் இல்லை. ஆணியில் அண்ணன் சட்டை, பை பிதுங்கிக்கொண்டு. மூடியைத் திறந்து கையை விட்டேன். மூன்றும் உள்ளே இருந்தன, நான் கட்டின காப்பரோடு. சூடு ஆறவில்லை.

"பதட்டத்துல நீயே புடுங்கி வெச்சிருப்ப" என்றார் முதலாளி. நெல்லில் புதைந்து நின்றவன் நான்.

அக்கா இப்போது வேலைக்கு வருகிறார். வலது கையில் இரண்டு விரல் நிமிராது. என்னைத் திட்டவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது, பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறினபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையைப் பொத்தான் கழற்றித்தான் திறந்தேன்.

அண்ணியிடம் போய்க் கேட்டேன். "நான் எங்கப்பா தச்சேன், அந்தச் சட்டைய நான் பாத்தே ரெண்டு வருஷமாச்சு" என்றார்.

சட்டை இன்னும் அதே ஆணியில்தான் இருக்கிறது. வெள்ளைப் பொத்தான். அதைத் தைத்திருப்பது நூல் இல்லை. ஒற்றை இழை பீஸ் வயர். அன்றைக்கு ஆலை முழுக்கத் தேடியும் எனக்கு ஒரு சாண் கிடைக்கவில்லை.