பூ மாட்டும் ஆணி

எங்கள் ஆலையில் தவிட்டு அறைக்கு வெளியே, சுவரில் வரிசையாகப் பத்து ஆணிகள் அடித்திருக்கிறோம். காலையில் வேலைக்கு வரும் பெண்கள் உள்ளே போகுமுன் தலையிலிருக்கும் பூவை எடுத்து அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மல்லிகை, கனகாம்பரம், ஒற்றை ரோஜா என்று பகல் முழுக்க அவை அங்கே தொங்கும். வேலை முடிந்ததும் வாடியிருந்தாலும் அதையே எடுத்துச் சூடிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஓசூருக்கு வந்து மூன்று வருஷமாகியும் எனக்கு இந்தக் காட்சி பழகவில்லை. ஒன்பது ஆணிகளில் பூ இருக்கும். பத்தாவது ஆணி என்னுடையது, அது எப்போதும் காலி. பார்க்க ஆளில்லாத தலைக்குப் பூ என்னத்துக்கு என்று விட்டுவிட்டேன். போதாததற்கு, பூவைக் கழற்றச் சொல்லி ஆணி அடிக்கவைத்தவளும் நான்தான். லேப் மேடத்துக்குப் பூவென்றாலே ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு.

கடல் தாண்டிப் போனவர்கள் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவதைப் படித்திருக்கிறேன். நான் கடலைத் தாண்டவில்லை, கடலை விட்டுவிட்டு வந்தவள். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரிலிருந்து இங்கே ஓர் இரவு பஸ் பயணம்தான். மாநிலம்கூட மாறவில்லை. ஆனால் ஓசூரின் மூக்கண்டப்பள்ளியில் என் அறைக்கு இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தெலுங்கு, மாடியில் ஒடியா. தமிழ் பேசுகிறவர்களுக்கோ என் தமிழே வேடிக்கை. வந்த முதல் வாரம், "எல்லாரும் சாப்பிட்டியளா?" என்று கேட்டேன். தவிட்டு அறையே குலுங்கிச் சிரித்தது. ரோஷம் வந்து, அன்றிலிருந்து பாடப்புத்தகத் தமிழில் பேச ஆரம்பித்தேன். அதைக் கேட்டு நான் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் நானாகப் போய் யாரிடமும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போனால் என் தொண்டை கரகரக்கும். சனிக்கிழமைக்குப் பிறகு நான் பேசும் முதல் வார்த்தை அதுவாக இருக்கும்.

"அப்படி அங்க என்னதாம்டி வேல பாக்க?" என்று அம்மா போனில் கேட்பாள். "பூசணம் வளக்கேம்மா" என்பேன். "அதுக்கா எம்.எஸ்சி. படிச்ச? நம்ம வீட்டு ஊறுகாப் பானையில அது தன்னால வளருமே." அம்மா சொல்வதில் பாதி உண்மை. நாங்கள் வளர்ப்பது கறுப்புப் பூசணம், அஸ்பெர்ஜில்லஸ் வகை. ஈரச் சுவரிலும் வெங்காயத் தோலிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் குடிக்கும் கலர் சோடாவின் புளிப்பைக்கூட இதன் உறவுக்காரர்கள்தான் எங்கோ ஒரு தொட்டியில் இருந்துகொண்டு செய்து தருகிறார்கள். எங்கள் ஆலையில் கோதுமைத் தவிட்டை நனைத்து, நீராவியில் வேகவைத்து, ஆறியதும் இதன் வித்துத்தூளைத் தூவித் தட்டுகளில் பரப்புவோம். தவிடு முழுவதும் வெள்ளைப் பஞ்சாக நூல் ஓடும். அது முற்றிக் கறுப்பதற்குள் எடுத்து நீரில் ஊறவைத்து வடிகட்டினால் ஒரு நொதி கிடைக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழக்கூழ் ஆலைகள் அதை வாங்கிக்கொள்ளும். மாம்பழக் கூழின் பசையை அறுத்துச் சாறாக இளக்குவது அந்த நொதிதான். சித்திரை பிறந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அந்த அறை முப்பது டிகிரியில், சுவர் வியர்க்கும் ஈரத்தோடு இருக்கும். வெளியே ஓசூர்க் குளிரில் துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாது. உள்ளே போனால் எங்கள் ஊர்ப் புழுக்கம். வேலை முடிந்த பிறகும் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல் நான் அங்கே நின்றுகொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் முனிரத்னம்மா. தட்டு அடுக்கும் பெண்களில் மூத்தவள், ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், சண்டை என்றால் கன்னடம். "இன்னா மேடம், ஊரு நெனப்பா?" என்றாள் ஒருநாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஒரு பை நிறையத் தக்காளி கொண்டுவந்தாள். தோட்டத்தில் சும்மா கிடக்குது என்றாள். இந்த ஊரில் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். நான் இன்றைக்கு, நாளைக்கு என்று போகாமலே இருந்தேன்.

எனக்கு இன்னொரு துணையும் உண்டு. மாலையில் பஸ் நிறுத்தத்தருகே ஒரு வண்டியில் மக்காச்சோளம் வேகவைத்து விற்பார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய ஒரு கதிரைக் கடித்துக்கொண்டே அறைக்கு நடப்பேன். கொஞ்ச தூரமாவது வாய்க்கு வேலை. தின்ற கட்டையை ரோட்டில் வீச மனம் வராது. கண்ட இடத்தில் குப்பை போட்டால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார், அந்தப் பழக்கம். காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

இந்தச் சித்திரையில், ஒரு புதன்கிழமை காலையில், நடு அடுக்கின் ஒரு தட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பெயரைச் சொல்லவே பயப்படுகிற பூசணம் அது, நியூரோஸ்போரா. வெந்த தவிடு என்றால் அதற்கு விருந்து. மூச்சுக்காற்று பட்டாலே தூள் பறந்து அடுத்த தட்டில் உட்கார்ந்துகொள்ளும். வியாழக்கிழமை பாதி அறை ஆரஞ்சு. வெள்ளிக்கிழமை எல்லாத் தட்டையும் நீராவியில் கொன்று, குழி வெட்டிப் புதைத்து, அறையை மூடினோம். பழக்கூழ் ஆலைகளிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது.

அறையைக் கழுவும்போது அடுக்குக்கு அடியில் வாடிய கனகாம்பரம் நாலைந்து கிடந்தது. மேலாளர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். முனிரத்னம்மா மறைக்கவில்லை. "நான்தான் சார். எங்கூர் மாரியம்மன் பண்டிகை. சாமிக்கு வெச்ச பூவ எடுக்க மனசு வரல, தொப்பிக்குள்ளயே வெச்சிக்கினேன்." மேலாளர் ஒரு கையில் பூவையும் மறு கையில் தட்டின் போட்டோவையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம். "கலரைப் பார்த்தாலே தெரியுதே. என்ன மேடம், பூவுல இருந்து வந்திருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

பூவின் நிறத்துக்கும் பூசணத்தின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. பூவோடு இந்தப் பூசணம் வருவது அபூர்வம் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் பூவைக் கழற்றச் சொன்னது நான். பூ இல்லையென்றால் அடுத்த கேள்வி, லேப் என்ன செய்துகொண்டிருந்தது என்பது. "வாய்ப்பிருக்கு சார்" என்றேன். முனிரத்னம்மா என்னையே பார்த்தாள். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு வருஷமாகத் தட்டு அடுக்குகிறவள் ஆணியிலிருந்து மல்லிகையை எடுத்துக் கையிலேயே சுருட்டிக்கொண்டு போனாள். தலையில் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க உட்கார்ந்தபோது, அழுக்காயிருந்த தோள்பையையும் ஊறவைக்கலாமென்று கவிழ்த்தேன். அடியிலிருந்து காகிதச் சுருள் ஒன்று விழுந்தது. போன வாரம் தின்றுவிட்டு எறிய மறந்த சோளக்கட்டை. அதன்மேல் பஞ்சு பஞ்சாக ஆரஞ்சு. பையின் உள்துணி முழுக்க அதே தூள். மற்றப் பெண்களின் பைகளை வெளி அலமாரியில் வைக்கச் சொல்லியிருந்தேன். நான் மேடம் அல்லவா? என் பை மட்டும், நான் உள்ளே போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டோடு ஒரே கொக்கியில் தொங்கும். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்தக் கட்டையை எரித்துவிட்டால் தீர்ந்தது. உட்கார்ந்து யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நேரம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்று வருஷமாக ஊருக்குப் போனால் போதும் என்று ஏங்கியவளுக்கு, அந்த நினைப்பே பொறுக்கவில்லை. அந்தப் புழுக்க அறையை, ஆணி வரிசையை, எனக்குப் பேசவும் தெரியாத இந்த ஊரை விட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முனிரத்னம்மாவுக்கும் அந்த அறையை விட முடியாதுதானே என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. அதை முதலில் நினைக்காததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை கட்டையைக் கவரில் போட்டு ஒட்டி, ஆலை வாசலிலேயே மேலாளரை வரவழைத்து நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று பூ பற்றிக் கேட்டபோது தெரிந்தே தப்பாகச் சொன்னேன் என்பதையும் சேர்த்து. அவர் கவரையும் என்னையும் பார்த்தார். "இதைப் பேசாம தூக்கிப் போட்டிருக்கலாமேம்மா?" என்றார். நான் பதற்றத்தில், "அந்தப் பக்கம் குப்பைத்தொட்டியே இல்ல சார்" என்றேன். அவர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, ஒரு வாரம் ஆலைப் பக்கமே வரக்கூடாது என்று ஓர் உத்தரவு. "ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றார். அதுதான் தண்டனை.

முனிரத்னம்மாவை அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் எதிர்ப்பட்டாள். முதன்முதலாக மேடம் என்று சொல்லாமல் பேசினாள்.

"மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. சாமி பூவாலதான் கெட்டுச்சின்னு எம் புருசனே சொல்லிக்கினு இருந்தான். நீ அப்பவே ஏன் வாயத் தொறக்கல?"

"பயமா இருந்துச்சுக்கா."

"உனக்கு இன்னாத்துக்குப் பயம்? நீ போறதுக்கு ஒரு ஊரு இருக்குதில்ல."

அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். கையில் ஒரு முழம் கனகாம்பரம், அவள் ஆணியில் தொங்கியது. என்னைத் திருப்பி நிற்கவைத்து, கொஞ்சம் அழுத்தியே தலையில் செருகினாள். "ஊருக்குப் போறப்ப மொட்டையாவா போவ? இனிமே சோளம் தின்னா கட்டைய எங்கிட்ட குடு. எங்க மாடு தின்னும். பைல வெச்சிக்கினு திரியாத." கோபம் போய்விட்டதா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உப்புக்காற்று ஈரமாக முகத்தில் அடித்தது. முப்பது டிகிரி இருக்கும், தவிட்டுக்குச் சரியான பதம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் இது என் ஊர் என்பது உறைத்தது. அம்மா வாசலிலேயே என் தலையைப் பார்த்துவிட்டாள். "ஒருநாளும் பூ வைக்க மாட்டியே. ஆருட்டி தந்தா?"

"ஊர்ல ஒரு அக்கா குடுத்தாங்க" என்றேன்.

"எந்த ஊர்லட்டி?" என்றாள் அம்மா.

அடுக்களைப் பக்கம் நடந்தேன். மீன் குழம்பு கொதித்த ஆவியில் அங்கே தவிட்டு அறைப் புழுக்கம். அடுக்களைப் படியில் கால் வைக்கும்போதே என் கை தானாகப் பின்னால் போய்ப் பூவைக் கழற்றியது. மறு கை நிலைக்குப் பக்கத்துச் சுவரைத் தடவியது.

"என்னத்தத் தேடுத?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அம்மா.

எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி இல்லை. வாடிய கனகாம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாமல் நின்றேன்.