பச்சைத் தண்டு

லிங்கராஜபுரத்துக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவை என்ற பெரிய சாக்கடையின் கரையில் யசோதா பல வருஷம் கீரை போட்டாள். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவும் அந்தச் சாக்கடையில்தான் கலந்தது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் செந்தண்டுக் கீரை சூம்பிப்போகும், இலையோரம் கருகும். பச்சைத் தண்டு மட்டும் தளதளவென்று நிற்கும். நிற்கிறதன் விதையைத்தான் அவள் எடுத்து வைத்தாள். கீரை போடுகிறவள் வேறென்ன செய்வாள்?

அதிலும் நல்ல கட்டாகப் பார்த்து வாடிக்கையாக வாங்கும் யூனிஸ் டீச்சருக்கென்று ஒதுக்கிவைப்பாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து டீச்சர் உண்டானபோது அதை இரண்டு கட்டாக்கினாள்.

வேளாண் கல்லூரியில் படிக்கும் ரூபினி இரண்டு ரகத்தையும் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்தாள். ஒருநாள் திரும்பி வந்தாள்.

“அக்கா, பச்சைத் தண்டு இலையிலதான் காட்மியம் ஏறிக் கிடக்கு. சிவப்பு அதை வேர்லயே நிறுத்திக்குது, மேல அவ்வளவா விடறதில்ல.”

“நல்லா வளருதேம்மா!”

“அது தாங்கிக்குது. தின்றவங்க கிட்னிதான் தாங்காது.”

யசோதா அன்றே பச்சைத் தண்டைப் பிடுங்கிக் குவித்தாள். மறுநாள் டீச்சரிடம் சூம்பிய செந்தண்டை நீட்டினாள்.

“என்ன யசோதாக்கா, இதை மாடுகூட மோந்து பாக்காது. எனக்கா?”

“அந்தப் பச்சை வேணாம் டீச்சர். சாக்கடை விஷம் அதுலதான் ஏறுதாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாது.”

யூனிஸின் கை வயிற்றுக்குப் போனது. “அப்போ இத்தனை நாளா எனக்குக் குடுத்தது?”

டீச்சர் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. யசோதாவை விஷம் விற்றவள் என்றார்கள். விற்காமல் மிஞ்சியதையெல்லாம் தின்றவள் அவள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரத்தோடு அவள் வியாபாரம் படுத்தது.

பக்கத்துப் பாத்தி மஞ்சுநாத் விஷத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் அதே பச்சைத் தண்டைத் தள்ளுவண்டியில் விற்றான். கேட்டவர்களிடம் போர்வெல் தண்ணி என்றான். ஒருநாள் யூனிஸ் அதைப் பொறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு யசோதா ஓடினாள்.

“டீச்சர், அதுவும் அதே தண்ணிதான்!”

“ஹோகக்கா, போ போ, வயித்தெரிச்சல் படாத,” என்று சிரித்தான் மஞ்சுநாத்.

“உன் கண்ணு இனிமே என்மேல படக்கூடாது,” என்று யசோதாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, யூனிஸ் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு, இரண்டு கட்டு வாங்கிப் போனாள்.

குழந்தை பிறந்ததை அக்கம்பக்கத்தார் பேச்சில்தான் யசோதா அறிந்தாள். நன்றாக இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்காமலே போன மாதம் கிட்னி பழுதாகிச் செத்துப்போனாள்.