மாடு முட்டிச் செத்தால் பணம் வருமா

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், திருப்பூரில் மூட்டை தூக்குவது, கேரளாவில் ஓட்டல் வேலை, மஸ்கட்டில் கொத்தனாருக்குக் கையாள் என்று சுற்றினேன். சில ஊர்களில் சாப்பாடு கிடைக்கவில்லை. தண்ணீர் நன்றாக இருந்தது. காரைக்குடிக்குத் திரும்பிக் கல்யாணம் ஆன பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்த ஆளை வீட்டில் கட்டிப்போட முடியாது, ஆயுள் காப்பீடாவது போட்டுவைப்போம் என்று என் மனைவி முடிவு செய்தாள். நான் போய்விட்டால் அவளுக்கும் மகளுக்கும் வேறு பிடிமானம் கிடையாது.

பாலிசி எழுத வந்தவர் எங்கள் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய். பல வருஷம் மலேசியாவில் இருந்தவர். அவர் டீயை வாயில் வைப்பதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"காய்ச்சல்ல போயிட்டா பணம் வருமாண்ணே?"

"வரும் தங்கச்சி."

"பாம்பு கடிச்சா?"

"வரும். விபத்துக்குன்னு தனியாச் சேர்த்துக்கிட்டா இன்னொரு பங்கும் வரும்."

"யாராச்சும் குத்திப் போட்டுட்டா?"

"வரும். குத்துனது நீயா இருந்தா உனக்கு வராது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

முதல் வருஷத்துக்குள் தற்கொலை என்றால் முழுத் தொகை கிடைக்காது, இருக்கிற நோயை மறைத்து எழுதினால் பின்னால் தகராறு வரும் என்று பாய் தாமாகவே சொன்னார். மனைவி அதையெல்லாம் தாண்டி, மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"மாடு முட்டுனா?"

பாய் கிளாசைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்து மஞ்சுவிரட்டில் தொழுவத்திலிருந்து விடுகிற மாடுகள் போக, கண்மாய்ப் பொட்டலில் அங்கங்கே அவிழ்த்துவிடுகிற மாடுகளும் உண்டு. பிடிக்கிறவன், பார்க்கிறவன், ஐஸ் விற்கிறவன் எல்லாருக்கும் ஒரே பொட்டல்தான். தை மாதம் நான் எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு வந்துவிடுவேன்.

"செத்ததுக்கு உள்ள பணம் வரும்," என்றார் பாய். "விபத்துக்கான பங்குலதான் சிக்கல். ஆபத்தான விளையாட்டுல கலந்துக்கிட்டா கிடையாதுன்னு போட்டிருக்கு."

"நான் கலந்துக்கிறதில்ல பாய். வேடிக்கைதான்."

"எங்க நின்னு?"

"பொட்டல்லதான்."

"அப்ப மாட்டுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, நான் வேடிக்கை பார்க்க வந்த ஆளுன்னு."

"செத்தா முழுப்பணமும் வர்ற மாதிரி சாகுங்க. இல்லாட்டி வீட்ல கிடங்க," என்றாள் மனைவி. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இனிமேல் கரையில் நிற்கிற லாரி ஏதாவது ஒன்றின் மேல் நின்றுதான் பார்க்க வேண்டும், காவலுக்கு அவளும் வருவாள். லாரியிலிருந்து விழுந்தால் விபத்துக் கணக்கில் வருமா என்று கேட்டு, வரும் என்று தெரிந்த பிறகே பாயை விட்டாள்.

அந்தத் தை மாதம் கண்மாய்க் கரையில் நிறுத்திய லாரி மேல் நின்றோம். என் சட்டை நுனி அவள் கையில் இருந்தது. வெயில் ஏறியபோது ஒக்கூர்ப் பக்கமிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்த காளையை அவிழ்த்தார்கள். ஒருவன் பாய்ந்து திமிலைப் பிடித்தான். என் சட்டை விடுபட்டதை உணர்ந்து திரும்பினேன். அவள் இல்லை.

டயரில் கால் வைத்து இறங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பொட்டலில் ஓடிக்கொண்டிருந்தாள். "விடுறா, எங்க வீட்டு மாடுடா அது."

அவன் விட்டுவிட்டான். மாடு நேரே அவளை நோக்கி வந்தது. பாம்பு, காய்ச்சல், லாரி என்று என் சாவுக்கெல்லாம் வழி கேட்டுவைத்தவள் பேரில் ஒரு பாலிசியும் இல்லை. அந்த நேரத்தில் பாலிசி இருந்திருந்தாலும் எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. குதித்து ஓடினேன். அவள் போட்ட சத்தத்துக்குப் பயந்தோ, வீட்டுப் பெண் என்று தெரிந்தோ, மாடு ஒதுங்கிப் போனது.

"பார்த்தீகளா, நம்ம மாடு பிடிபடலை," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. பல்லெல்லாம் புழுதி.

மறுநாள் பாயை நானே கூட்டிவந்தேன். அவள் பேரில் எழுத உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஆபத்தான பழக்கம் ஏதும் உண்டா?"

"இவுகளோட குடும்பம் நடத்துறேன். அதை எழுதிக்கங்கண்ணே."

"மாட்டையும் எழுதுங்க பாய்," என்றேன். "மறைச்சா தகராறு வரும்னு நீங்கதானே சொன்னீக."