கருப்பு முள் வெளிநாட்டுக்கு

பெயின்டருக்குத் தெருவில் புயலார் என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஒல்லிக்குச்சி உடம்பு, ஒரு தும்மல் போட்டால் அவரே இரண்டடி நகர்ந்துவிடுவார். பெயர் வந்தது அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கும் பாரோமீட்டரால். சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக, மரச்சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கும் பழைய சாமான் அது. காற்றின் அழுத்தத்தைப் பார்த்து, வரப்போவது வெயிலா மழையா என்று முன்கூட்டியே சொல்லும். வட்டத்தைச் சுற்றிப் ‘புயல்’, ‘மழை’, ‘மாறுதல்’, ‘தெளிவு’, ‘வறட்சி’ என்று போட்டிருக்கும். நடுவில் இரண்டு முள். ஒன்று கருப்பு, மெல்லிசு. மற்றது பித்தளை, பளபளவென்று கண்ணைப் பறிக்கும்.

இந்த இரண்டு முள்ளில்தான் நம் ஆள் கோட்டை விட்டார்.

அந்தப் பாரோமீட்டர்ப் பெட்டி அவருக்கு வந்தது ஒரு கப்பல் என்ஜினியர் வீட்டில் வேலை செய்தபோது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த என்ஜினியர், “எடுத்துக்கிட்டுப் போங்க. வெளியில வேலை செய்றவருக்கு உதவும். முள்ளைப் பாத்துக்கிட்டா போதும்” என்றார். எந்த முள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடுமே! புயலார் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வழிகூடக் கேட்கமாட்டார், ஊரையெல்லாம் சுற்றிவிட்டு, குறுக்குவழி கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வார். ஆகவே இதற்கும் தானே ஒரு முடிவு கட்டினார். பெட்டி வெளிநாட்டில் செய்தது. எனவே கருப்பு முள் வெளிநாட்டு வானிலைக்கு. பித்தளை முள் நம்ம ஊருக்கு.

“அப்படியா?” என்றாள் மனைவி.

“பின்னே?” என்றார் அவர். விஷயம் அதோடு முடிந்தது.

விடிந்ததும் வீட்டைப் பெருக்கிவிட்டுப் பெட்டியைத் துணியால் துடைப்பது மனைவியின் வேலை. அதன் பிறகு புயலார் எழுந்துவந்து, கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டி, நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, பித்தளை முள் என்ன சொல்கிறது என்று அறிவிப்பார். ‘தெளிவு’ என்றால் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவார். ‘மழை’ என்றால் அன்றைக்கு வேலைக்கு லீவு. பக்கத்து வீட்டிலிருந்து, “புயலாரே, துணி காயப் போடலாமா?” என்று குரல் வரும். முக்கால்வாசி நாள் அவர் சொன்னது பலித்தது. சில நாள், வெயில் மண்டையைப் பிளக்கும்போது இவர் மழைக்குப் பயந்து கட்டிலில் கிடப்பார். கேட்டால், “மழை திசை மாறிப் போயிடுச்சு” என்பார். வானம் தப்பு செய்யும், அவருடைய பெட்டி செய்யாது.

இத்தனை வருஷத்தில் அவர் அடித்ததெல்லாம் சமையலறை, குளியலறை, கொல்லைப்புறச் சுவர். பாடுபட்டுப் பட்டி பார்த்து, வழவழவென்று ஆக்கிவிட்டு வந்தால், வீட்டுக்காரர் மறுநாளே பீரோவை நகர்த்தி மறைத்துவிடுவார். ஊரே பார்க்கிற மாதிரி ஒரு சுவர், ஒரே ஒரு சுவர் அடித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்படி ஒரு சுவர் கடைசியில் வாய்த்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு மாடி ஹோட்டல், முன்பக்கம் முழுவதும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் வேறெங்கும் பார்க்கவே முடியாது.

“திங்கட்கிழமை ஆரம்பிச்சுடணும். இல்லேன்னா உங்க மச்சானைக் கூப்பிட்டுக்குவேன்” என்றார் ஹோட்டல் மேனேஜர். மச்சான் என்பது மனைவியின் தம்பி. அவனும் பெயின்டர்தான். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பெயின்ட் அடிக்கிற பயல், கலரை எப்படித்தான் பார்ப்பானோ.

ஒரே ஒரு சிக்கல். சில மாதமாகப் புயலாருக்கு உயரத்தில் தலை சுற்றியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொந்த வீட்டிலேயே ஏணியில் நாலு படி ஏறுவார். கண் இருட்டும். “பிரஷ்ஷை மறந்துட்டேன்” என்று, கையில் பிரஷ்ஷோடு இறங்கி வருவார். மனைவி அந்தப் பிரஷ்ஷைப் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மகளின் பிரசவத்துக்காக அவள் வெளியூர் போகவேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால், பித்தளை முள் ‘புயல்’ மேல் நிற்கிறது. திங்கட்கிழமையும் புயல். செவ்வாயும் புயல். வெளியே இலைகூட அசையவில்லை. ஹோட்டலிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம், “என்ன புயலாரே, இன்னும் கரையைக் கடக்கலையா?” என்று கேட்டுவிட்டுப் போனான். மச்சான் வந்து வாசலில் நின்றான்.

“அத்தான், சாரம் கட்டியாச்சு. மேனேஜர் கத்துறார். நான் ஏறிடவா?”

“ஏறு. காத்து அடிச்சுக்கிட்டுப் போய் எங்கயாவது விழு. உங்க அக்காகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்.”

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன் சுவரில் கூலிங்கிளாஸ் ஏறுவதா? அதோடு, தினமும் நகர்கிற முள் இப்படி ஒரே இடத்தில் நின்றதே இல்லை. எங்கோ துரு பிடித்திருக்கிறது. பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் போனார்.

கடிகாரக்காரர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே வேலை செய்யுது. ‘தெளிவு’ல நிக்குது.”

“அது வெளிநாடு.”

“என்னது?”

புயலார் விளக்கினார். கடிகாரக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸ் கழன்று மடியில் விழுந்தது. “பெயின்டரே, கருப்புதான் நிஜ முள். பித்தளை வெறும் அடையாளத்துக்கு. நேத்து கருப்பு முள் எங்க இருந்துச்சுன்னு வச்சுக்கிறது. இதோ, நடுவுல இந்தக் குமிழைத் திருகினாத்தான் நகரும்.” திருகியே காட்டினார். பித்தளை முள் சமர்த்தாக நகர்ந்து ‘தெளிவு’க்கு வந்து நின்றது. “தானா ஒரு இம்மிகூட அசையாது.”

“தினமும் அசையுதே!”

“அப்ப தினமும் யாரோ திருகுறாங்க.”

துடைக்கிற துணி அவர் கண்முன் வந்து நின்றது. இத்தனை வருஷமாகத் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள்! அதுவும் தினமும், விடியற்காலையில்! காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அங்கிருந்து நேராக ஹோட்டலுக்குப் போனார். பெட்டியை மேனேஜர் கையில் திணித்தார். வாளியை எடுத்துக்கொண்டு, மச்சான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் சாரத்தில் ஏறினார்.

கோபம் அவரை இரண்டாம் மாடிவரை ஏற்றிவிட்டது. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வந்ததும் பஸ் நிலையம் ஒரு சுற்று சுற்றியது. வாளி கை நழுவிப் போயிற்று. கீழே யாரோ கத்தினார்கள். தண்ணீர்க் குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

கண்ணை மூடினால் பழைய மழையெல்லாம் வரிசையாக வந்தது. அவருக்குக் காய்ச்சல் அடித்தபோது பெய்யாமல் போன மழை. அண்ணன் இறந்த வாரம் முழுக்க முள் ‘மழை’யைச் சுற்றியே நகர்ந்தது, வெளியே நல்ல வெயில். ஏணி வழுக்கி முழங்கால் வீங்கியபோது அடிக்காத புயல். படுங்கள் என்று அவள் வாயால் சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு மாடி ஏறியிருப்பார். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிரஷ் விஷயமும் தெரிந்திருந்தது.

குழாயை விடாமல், சாரத்தில் ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி இறங்கினார். மச்சான் பாதி வழியில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கூலிங்கிளாஸைக் கழற்றியிருந்தான், பயலுக்கு முகமே வெளுத்துப்போயிருந்தது.

“நீயே ஏறு” என்றார் புயலார். “நான் கீழ நின்னு திட்டுறேன்.”

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

“பேத்தி பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள், குரலைத் தாழ்த்தி, “ஏறினீங்களா?” என்று கேட்டாள்.

புயலார் மேனேஜர் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். கண்ணாடி நடுவில் இருந்த குமிழை முதல்தடவையாகத் தொட்டார். மெதுவாகத் திருகி, பித்தளை முள்ளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் நிறுத்தினார்.

“எப்படி ஏறுறது? புயல்ல நிக்குதே.”

மேனேஜர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கண் கூசியது.

போனில் மனைவி, “நான் வர்ற வரைக்கும் அது அங்கயேதான் நிக்கும்” என்றாள்.

“தெரியும்” என்றார் புயலார். “நிக்கட்டும்.”