சீற் பெல்ட்டின் கடைசிச் சாண்

எங்கள் அண்ணா கொட்டாஞ்சேனையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு காலமாக, பள்ளிக்கூடத்தை விட்டு வாகனம் கழுவப் போனார். நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த நினைவு மலருக்கு எழுதத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். அண்ணாவின் மகன், "அப்பாவோட கடைசிவரை இருந்தது நீங்கள்தானே மாமி, நீங்களே எழுதுங்கோ" என்றுவிட்டார்.

வெள்ளவத்தையில் பழைய வாகனங்கள் விற்கும் ஓர் இடத்தில்தான் அண்ணாவின் காலம் போனது. சீற்றுகளைக் கழற்றி நுரை போட்டுத் தேய்ப்பார். எஞ்சினைக் கழுவுவார். கீறல்களுக்குப் பொலிஷ் பிடித்துப் புதிது போல நிறுத்துவார். அந்த உழைப்பில்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

ஒருமுறை வெள்ளம் வடிந்த பிறகு கொலன்னாவைப் பக்கமிருந்து ஒரு வான் வந்தது. சீற் மூடத் தண்ணீர் நின்ற வான். அண்ணா மூன்று நாளாகப் பல் தீட்டும் பிரஷ்ஷால் சேறு எடுத்தார். வயர்கள் பச்சை பிடித்திருப்பதை முதலாளியிடம் சொன்னபோது, "உங்கட வேலை கழுவுறது. வாங்க வாற ஆக்களிட்ட வெள்ளக்கதை கதைக்கக் கூடாது" என்றாராம்.

அன்று மதியம் அண்ணா சோற்றில் கை வைக்கவில்லை.

"ஓடேக்கை எங்க நிக்குமெண்டு தெரியாது, பிள்ளை. வாங்க வாறவைக்குச் சொல்லத்தான் வேணும்."

"இந்த வயசில உங்களை வேற ஆர் வேலைக்கு எடுப்பினம்? பேசாம இருங்கோ!" என்றேன். ஒருவரிடமும் சத்தம் வைக்காத நான் அன்று சத்தம் வைத்தேன்.

மறுநாள் ஹெந்தளையிலிருந்து ஒரு தம்பி தாயுடன் வந்து, "ஐயா, உங்கட வீட்டுக்கெண்டா இதை வாங்குவீங்களோ?" என்று அண்ணாவையே கேட்டிருக்கிறார்.

"நல்லாக் கழுவியிருக்கு, தம்பி" என்றாராம் அண்ணா.

சில மாதங்களில் அந்த வான் ரயில் கடவையில் நின்றுபோனது. தம்பி குதித்துவிட்டார். நடக்க ஏலாத தாயை இறக்க நேரம் போதவில்லை. செத்தவீடு முடிந்து அவர் அண்ணாவைத் தேடி வந்தார். ஏசவில்லை. "நல்லாத்தான் கழுவியிருந்தீங்கள், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் வந்த வெள்ள வாகனங்களில் அண்ணா எல்லாம் கழுவினார், சீற் பெல்ட்டின் கடைசிச் சாணை மட்டும் விட்டுவிட்டு. உள்ளே சுருண்டிருக்கும் அந்தத் துண்டில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். வாங்க வருபவர்களிடம், "பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கோ" என்பார். முதலாளி அதைக் கண்டுபிடித்து வேலையால் நிறுத்தினார்.

பிறகு நெஞ்சு வருத்தம். படுக்கையிலும் அண்ணாவின் விரல்கள் போர்வை விளிம்பைத் தேய்த்தபடியே இருந்தன. "சொல்லியிருக்கலாம்" என்பார். "நீதானே மறித்தாய்" என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த தாதிமாருக்கும், செத்தவீட்டில் தோள் கொடுத்த, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் சனங்களுக்கும், சமைத்துத் தந்த அயலவர்க்கும் எங்கள் நன்றி. பழைய வாகனம் வாங்குபவர்கள் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்.

ஹெந்தளைத் தம்பியின் விலாசம் எங்களிடம் இல்லை. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போனால், அண்ணா சொல்லத்தான் இருந்தார் என்பதை அவர் அறியவேண்டும். மறித்தவள் நான்.

தங்கை