ஜப்பான்காரருக்கு சாமுராய் வேண்டாம்

1986 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினேன். பாண்டி பஜாரில் இருபது வருஷமாகப் பொம்மைக் கடை வைத்திருப்பவன் நான். கிளம்பும்போது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும், அந்தச் சிவப்புப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள். மன்னிக்க வேண்டும், பாலத்தை நான் பார்க்கவில்லை. இருந்த பத்து நாளும் ஜப்பானைப் பற்றிய கவலையிலேயே போய்விட்டது. ஜப்பான் மண்ணை மிதிக்கக்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

தங்கை மல்லிகாவும் அவள் கணவர் சேகரும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். மல்லிகாவுக்கு ஐந்தாம் மாதம். அவர்கள் இருப்பது ஃப்ரீமான்ட் என்ற ஊரில், விமான நிலையத்திலிருந்து சுமார் முப்பது மைல். வளைகுடாவின் மேல் நீளமாக ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். (இது வேறு பாலம். சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லை.) மல்லிகா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சேகர் வாயே திறக்கவில்லை. என் பெட்டியில் மாவடு ஜாடி உடைந்து காரெல்லாம் கடுகு வாசனை. அதனால் கோபமோ என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேகர் குளிக்கப் போனதும் மல்லிகாவைக் கேட்டேன்.

"மாப்பிள்ளை ஏம்மா உம்முனு இருக்காரு? நான் வந்தது புடிக்கலையா?"

"அதெல்லாம் இல்லண்ணா. இவர் கம்பெனிதான் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்ணியிருக்கு. கம்பெனியை மூடிட்டா அப்ளிகேஷனும் போச்சு. குழந்தை பொறக்கறதுக்குள்ள மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"ஏன் மூடணும்? டிவில விளையாடற கேம்தானே பண்றாங்க? அதுக்கா இந்த ஊர்ல கிராக்கி இல்ல?"

"நாளைக்குக் கடைக்குப் போய் நீயே பாரு. வர சனிக்கிழமை ஒரு ஜப்பான்காரர் வராரு. இவர் ஒரு வருஷமா பண்ணின கேமை அவர் வாங்கினாத்தான் கம்பெனி நிக்கும்."

வெள்ளிக்கிழமை காலை மல்லிகா என்னை ஒரு பெரிய பொம்மைக் கடைக்கு அழைத்துப் போனாள். என் கடையைப் போல ஐம்பது கடையை உள்ளே அடுக்கலாம். சைக்கிளுக்கு ஒரு தெரு, கரடி பொம்மைக்கு ஒரு தெரு. கடைசியில், குப்பைத் தொட்டி அளவுக்கு நாலு கம்பிக் கூடைகள். அவற்றில் கறுப்புக் கறுப்பாக, கேசட்டைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். வீடியோ கேம்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முப்பது டாலர் விலைச் சீட்டின் மேல் பத்து டாலர் சீட்டு, அதன் மேல் இரண்டு டாலர் சீட்டு ஒட்டியிருந்தது. டாலர் அன்று பன்னிரண்டரை ரூபாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொம்மை வியாபாரத்தில் நான் காணாத நஷ்டம் இல்லை. ஆனால் சரக்கைக் கத்தரிக்காய் போல் கூறு கட்டியதில்லை.

கடை ஊழியரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். மூன்று வருஷம் முன்பு ஆளாளுக்கு கேம் செய்து குவித்தார்கள், பாதி குப்பை, ஏமாந்த பெற்றோர்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்றார். இப்போது ஜப்பானிலிருந்து புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். அதையும் வாங்கி வைக்க முதலாளி பயப்படுகிறாராம். சூடு கண்ட பூனை என்று தமிழில் சொல்லி மல்லிகாவைச் சிரிக்க வைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூடைகளில் என் தங்கை புருஷனின் வேலையும் எங்கோ அடியில் கிடந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஜப்பான்காரர் ஒகாடா வந்தார். டோக்கியோவில் கேம் விற்கும் ஒரு கம்பெனிக்காகச் சரக்கு எடுப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், சாம்பல் நிற சூட், கையில் ஒரு தோல் பை. வாசலில் செருப்பு வரிசையைப் பார்த்ததும் தானும் ஷூவைக் கழற்றினார். இந்த ஊரில் சொல்லாமல் ஷூவைக் கழற்றிய முதல் விருந்தாளி இவர்தான் என்று மல்லிகா என் காதில் சொன்னாள். நல்ல சகுனம் என்று நானும் நினைத்தேன்.

சேகர் தன் கேமைப் போட்டார். டிவியில் ஒரு பனிமலை, செர்ரி மரங்கள், அடுக்கடுக்காகக் கூரை வைத்த கோயில். இரண்டு வாளோடு ஒரு சாமுராய். மரத்துக்கு மரம் தாவும் நிஞ்சாக்கள். மேல் மாடியில் கிமோனோ போட்ட பெண்ணைச் சிறை வைத்திருக்கிறார்கள், அவளை மீட்க வேண்டும். கிமோனோவின் மடிப்புகூடத் தப்பாமல் இருக்க, மல்லிகா லைப்ரரியிலிருந்து படப் புத்தகமாகக் கொண்டுவந்து குவித்தாளாம். நான் அசந்துபோனேன். ஜப்பான்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒகாடா விளையாடினார். ஒரு நிமிஷத்துக்குள் செத்தார். மறுபடி விளையாடினார், மறுபடி செத்தார்.

"ரொம்ப டஃப்பா பண்ணியிருக்கேன் மச்சான். ஈஸியா இருந்தா மதிக்க மாட்டாங்க," என்று சேகர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஒகாடா நாலு முறை செத்துவிட்டு, கையில் பிடித்து ஆடும் விசைப்பெட்டியை இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார். நிதானமான ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் தருகிறேன்.

"மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் நாங்கள் வாங்க முடியாது. இந்த வாரம் நான் போன கம்பெனி ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு சாமுராயைத்தான் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் காலையிலிருந்து ஜப்பானில்தான் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்தபிறகும் ஜப்பானுக்கே போகவா?"

திருநெல்வேலிக்கே அல்வா என்பார்களே, அதுதான். இத்தனை வருஷம் 'ஃபாரின்' என்று ஒரு சீட்டு ஒட்டினாலே பொம்மை விற்றுப்போவதைப் பார்த்தவன் நான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை என்னிடம் வெள்ளைக்காரர்களைத் தவிர எவனும் கேட்டதில்லை. எனக்கே அது உறைக்கவில்லை என்றால் பாவம், கம்ப்யூட்டர் படித்த சேகருக்கு எப்படி உறைக்கும்?

ஒகாடா பையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன மிஷினை எடுத்தார். எங்கள் டிவியில் அதன் படம் வர அரை மணி நேரம் திருகினார்கள். வந்த படத்தைப் பார்த்தால், ஐரோப்பியக் கோட்டை, கிரீடம் வைத்த ராஜா, கவசம் போட்ட வீரன், தூரத்தில் ஒரு டிராகன். சுடுவதும் இல்லை, தாவுவதும் இல்லை. வீரன் ஊருக்குள் நடந்து, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் நின்று பேசுகிறான். அவர்கள் சொல்வது ஜப்பான் எழுத்தாக வருகிறது, அதைப் படிக்க வேண்டும். செத்தால் ராஜா எழுப்பி மறுபடி அனுப்புகிறார். ஒரு ஆட்டம் முடிய வாரக்கணக்காகுமாம்.

"இதை யார் வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாரும். சிறுவர்கள், மாணவர்கள், ஆபீஸ் போகிறவர்கள். நல்ல கேம் வந்தால் மத்தியானத்துக்குள் கடையில் தீர்ந்துவிடும். நானும் என் மனைவியும் இதை மாறி மாறி ஆடுகிறோம்."

ஒரு கடல்தான் நடுவில். இந்தப் பக்கம் இரண்டு டாலருக்குக் கொட்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் கோட்டு சூட்டுப் போட்ட மனிதர் பெண்டாட்டியோடு உட்கார்ந்து டிராகனைத் தேடுகிறார்.

அதற்குள் மல்லிகா அந்த விசைப்பெட்டியை வாங்கி ஆட ஆரம்பித்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் செய்த ஒரு கேமையும் அவள் தொட்டதில்லை. ஒரு எழுத்துகூடப் புரியாமல், சோறு வைத்ததையும் மறந்து, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். சேகர் டிவியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, வாசலில் ஷூ மாட்டும்போது ஒகாடா தயங்கி ஒன்று சொன்னார்.

"நீங்கள் இந்தியர் என்று தெரிந்தபோது சந்தோஷப்பட்டேன். யானை, அரண்மனை, முனிவர்கள், காடு, இப்படி ஏதாவது காட்டுவீர்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அங்கே ஆசையாகப் போவார்கள். வெள்ளிக்கிழமை வரை லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பேன். படமாக ஏதாவது வரைந்து கொண்டுவந்தால் பார்க்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்த சேகர் வெடித்தார்.

"யானையாம். இந்த நாட்டுல கால் வெச்ச நாள்லேர்ந்து இதே பாட்டு மச்சான். உங்க வீட்ல யானை இருக்கா, பாம்பு இருக்கான்னு ஆபீஸ்ல ஒருத்தன் பாக்கி இல்லாம கேட்டாச்சு. அதுக்காகப் போன வருஷம் ஒரு பார்ட்டிலேர்ந்து பாதில எழுந்து வந்தேன். இப்ப நானே உக்காந்து யானை வரையணுமா?"

"நீங்க அந்த ஆளுக்கு சாமுராய் வரைஞ்சீங்களே, அவர் கோவிச்சுக்கிட்டாரா?" என்றாள் மல்லிகா.

சேகர் மாடிக்குப் போனார். நான் வியாபாரி. கேட்பதைக் கொடுத்துவிட்டுப் போங்களேன், யானை என்ன நம்மைக் கடிக்கவா போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மேலே போய் அப்படியே சொல்லியும்விட்டேன். அவர் முதலாளியும் போனில் அதையேதான் சொன்னாராம்.

ஞாயிறு காலை சேகர் மல்லிகாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார். பாலம் பார்க்கப் போகிறோம் என்று நான் காமிராவெல்லாம் எடுத்துக்கொண்டேன். கார் போய் நின்றது சான் ஃபிரான்சிஸ்கோ மிருகக்காட்சி சாலையில். ஃப்ரீமான்ட்டிலிருந்து நாற்பது மைல், டிக்கெட் ஆளுக்கு மூன்றரை டாலர். சேகர் பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டை. யானையை அவர் கோயில் வாசலில் எட்ட நின்று பார்த்ததோடு சரி. அது எப்படி நடக்கும், உட்காரும்போது எந்தக் காலை முதலில் மடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த யானை என்று பலகையில் எழுதியிருந்தது. பசிபிக் கடற்கரையின் குளிர்காற்றில், மெட்ராஸ்காரர்கள் மூவர் அதை வாய் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்தில் ஒரு அமெரிக்க அம்மாள், அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் இந்தியர்களா, இதைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வருமே என்றார். நான் மனத்துக்குள், போச்சு, இன்று ஒரு சண்டை என்று நினைத்தேன். சேகர் அவர் பக்கம் திரும்பி அழகாகச் சிரித்தார்.

"ஆமாம் அம்மா. என் தாத்தா வீட்டில் இரண்டு இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போவேன்."

அவர் தாத்தா பெரம்பூர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அந்த வீட்டில் கோழிகூட இருந்ததில்லை. அம்மாள் கண் விரிய ஒவ்வொன்றாகக் கேட்டார், சேகரும் சளைக்காமல் ஒவ்வொன்றாக அளந்தார். மல்லிகா தூரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது, நான் வந்த அன்று காரில் வாய் திறக்காத மனிதர் ஃப்ரீவே முழுக்கப் பேசினார்.

"அந்தம்மா மூஞ்சியப் பாத்தீங்களா மச்சான்? யானை எங்க தூங்கும், அதை யாரு எழுப்புவாங்கன்னு கேட்டாங்க. நமக்கு அது தோணவே இல்ல பாருங்க. கேம்ல யானை தூங்கணும். அதை எழுப்பிக்கிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகணும். அவசரமே கிடையாது."

மூன்று நாள் ஆபீஸே கதியாகக் கிடந்தார். வியாழக்கிழமை படங்களோடு லாஸ் ஏஞ்சல்ஸ் பறந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு போன் வந்தது. ஒகாடா தூங்கும் யானையின் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாராம், பிறகு எடுத்துக்கொள்கிறோம் என்றாராம். கம்பெனி பிழைத்தது. மல்லிகா போனைக் கையில் பிடித்தபடியே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. யார் யாருக்கு எது பிடிக்கும் என்று இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்ட என் சாமர்த்தியமெல்லாம் அன்றோடு சரி.

சனிக்கிழமை கிளம்பினேன். சேகர் காரை நிறுத்தப் போயிருந்தார். மல்லிகா என் டிக்கெட்டைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டு பேசினாள்.

"நேத்து ஆபீஸ்ல பார்ட்டி வெச்சாங்கண்ணா. யாரும் கேக்கவே இல்ல, இவரே யானைக் கதையை ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, இவரும் சிரிச்சாரு."

"விடும்மா. கிரீன் கார்டு வந்துடும்ல, அதைப் பாரு."

"அது வந்துடும். பொறக்கப்போறது இங்கதான் வளரும். எங்கப்பாவோட தாத்தா வீட்ல ரெண்டு யானை இருந்துதுன்னு ஸ்கூல்ல போய்ச் சொல்லும். இல்லடா கண்ணு, அதெல்லாம் பொய்யின்னு சொல்ல நான் ஒருத்திதான் இருப்பேன். அது யாரை நம்பும்ணா, என்னையா, அவரையா?"

சேகர் சாவியைச் சுழற்றியபடி, சிரித்த முகத்தோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.