காசில்லாமல் ஆடின ஆட்டம்

எனக்கு எண்பத்துமூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தனான். ஒருத்தரிட்டையும் கை நீட்டினதில்லை.

இண்டைக்கு என்ரை மனுசன்ரை திவசம். கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போற வழியிலை, மருதனார்மடத்துத் தேத்தண்ணிக் கடை வாங்கிலை தனிய இருக்கிறன். டிவியிலை பழைய கறுப்பு வெள்ளைப் படம் போகுது. லண்டன் புல்லுத்தரையிலை வெள்ளை உடுப்போடை ரெண்டு பேர் டெனிஸ் ஆடுகினம். வெண்டவன் கோப்பையைத் தூக்கிறான்.

"உவனுக்கு எவ்வளவு காசு குடுத்திருப்பினம், தம்பி?" எண்டு கடைக்காரனைக் கேக்கிறன்.

"ஒரு சதமுமில்லை, அம்மா. அந்தக் காலம் காசுக்கு ஆடுறவனை அங்கை சேர்க்கமாட்டினம்."

"உண்மையாவோ?"

"பொய் சொன்னால் இன்னொரு தேத்தண்ணி குடிப்பியளெண்டால் சொல்லியிருப்பன்."

என்ரை மனுசன் கப்பலிலை வேலை செய்தவர். லண்டனிலை இந்தப் போட்டியைப் பார்த்தவர், வெண்டவனுக்குக் காசில்லை எண்டும் சொன்னவர். "காசில்லாமல் எந்த விசரன் ஓடுவான், பொய்க்காரன்" எண்டு சொந்தக்காரருக்கு முன்னாலை சிரிச்சனான். அதோடை அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

பஸ் வந்து நிக்குது. "நீங்கள் சொன்னது சரி" எண்டு சொல்ல, அவர் பக்கத்திலை இல்லை.

பேத்தி, வீட்டை வந்து நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி, மோனை. நான் அவரைப் பொய்க்காரன் எண்ட இடத்தை விட்டிடாதை.